ஜீரோ வந்தாச்சு, இனி எதுக்குலே டெஸ்ட்டு?

முன்குறிப்பு: நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு, ஊரில் ஒரு வங்கியில் ஒன்பது வருஷம் கடன் வசூல் பார்த்து, இப்போது மஸ்கட்டில் ஒரு வங்கியில் அதே வேலையைக் கொஞ்சம் நல்ல ஏசியில் பார்க்கிறவன். மருந்து மாத்திரை ஆலோசனை தேடி வந்தவர்கள் உங்கள் டாக்டரிடம் போய்விடுங்கள். சண்டை பார்க்க வந்தவர்கள் உட்காரலாம்.

மக்களே, நம்ம பக்கத்து ஆம்பிளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நம்ம பக்கம் என்றால் பாறசாலை, இஞ்சிவிளை, தனுவச்சபுரம், காரக்கோணம், அமரவிளை, நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-ம் தேதி கோடு போட்டபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்டவர்கள் கல்யாண சம்பந்தங்களை விசாரித்துவிட்டுப் போடவில்லை. அக்கா வீடு களியக்காவிளையில், தம்பி வீடு பாறசாலையில். ரேஷன் கார்டு வேறே, காப்பீட்டு அட்டை வேறே, சில வீடுகளில் படிக்கிற எழுத்தும் வேறே. இதை இப்போதைக்கு ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விஷயம் புராஸ்டேட் கேன்சர். வந்ததைப் பற்றி இல்லை. வந்து, வைத்தியமும் முடிந்து, "சுகமாயிட்டு" என்று வீட்டுக்கு வந்தபிறகு நடக்கிற கூத்தைப் பற்றி.

நம்ம ஊரில் ஆபரேஷனுக்கு ஒரு மரியாதை உண்டு. சிட்டி பிடித்துப் பணம் புரட்டுவார்கள். நகை அடகுக்குப் போகும். கல்ஃபில் இருக்கிற மகன் எமர்ஜென்சி லீவில் வந்து இறங்குவான். திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் பாய் விரித்துக் கிடப்பார்கள். சபையில் ஜெபம், கோயிலில் நேர்ச்சை. ஆறு மாதம் கழித்து அதே மனிதர் ஒரு டியூப் ரத்தம் கொடுக்க நெய்யாற்றின்கரை வரை போகவேண்டும் என்றால்? கூட வர ஆள் இல்லை, பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை, மழை, ரப்பர் வெட்டு, மருமகளுக்குப் பேறுகாலம். "அதான் எடுத்துக் களைஞ்சாச்சே, இனி எதுக்கு?"

எதுக்கு என்று சொல்கிறேன். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் உண்டாக்குகிற ஒரு புரதம். சுரப்பியை முழுசாக எடுத்துவிட்டால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் ரத்தத்தில் அதன் சுவடே தெரியக்கூடாது. பிறகு என்றைக்காவது மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம் வரை ஏறி, இன்னொரு தடவை பார்க்கும்போதும் இறங்காமல் நின்றால், எங்கேயோ ஒரு கூட்டம் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். ரேடியேஷன் எடுத்தவர்களுக்குக் கணக்கு வேறே. சுரப்பி உள்ளேயே இருப்பதால் எண் மெதுவாகத்தான் இறங்கும், ஜீரோவைத் தொடவேண்டும் என்றும் இல்லை. அது இறங்கிய ஆகக் குறைந்த எண்ணிலிருந்து 2 ஏறினால்தான் மணி அடிக்கும். 2005-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்த அளவுகோல் அது. நடுவில் கொஞ்சம் எம்பிவிட்டுத் தானே அடங்குவதும் உண்டு, அதைப் பார்த்து அலறவும் கூடாது. ஹார்மோன் ஊசி போடுகிறவர்களுக்கோ, விதை எடுத்தவர்களுக்கோ அந்த வைத்தியத்தின் பலத்தால் எண் அமுங்கிக் கிடக்கும். அவர்கள் எலும்பின் வலுவையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். ஆக, ஒரே எண்ணுக்கு மூன்று ஆளிடம் மூன்று அர்த்தம். டீக்கடையில் ரிப்போர்ட்டை நீட்டி விளக்கம் கேட்கிற விஷயம் இல்லை இது.

இந்த டெஸ்டைப் பொதுவாக ஆரம்பத்தில் சில மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு ஐந்து வருஷம் வரை ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவை, அதன் பிறகும் வருஷம் ஒன்று என்று பார்க்கச் சொல்கிறார்கள். தனியார் லேபில் ஒரு டெஸ்டுக்கு ஆகிற செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கும் மீனுக்கும் ஆகிற செலவுதான்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். இந்திய வங்கியில் கடன் வாங்கியவன் 90 நாள் தவணை கட்டவில்லை என்றால் அது வராக்கடன். 90 நாள் வரைக்கும் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்போமா? தவறிய தவணை ஒன்று நின்றாலே எஸ்.எம்.ஏ. என்கிற பட்டியலில் பெயர் ஏறும். 30 நாள் தாண்டினால் அடுத்த படி, 60 தாண்டினால் அதற்கும் அடுத்த படி. போன், எஸ்.எம்.எஸ்., வீட்டுக்கு ஆள், ஜாமீன் போட்டவனுக்குக் கடிதம். ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினுக்கு 50,000 ரூபாய் வாங்கியவனுக்கு இத்தனை கவனிப்பு!

ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 1999-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. பி.எஸ்.ஏ. மறுபடி தலைகாட்டியதிலிருந்து, நோய் எலும்பு போன்ற இடங்களில் பரவித் தெரிய வருவதற்கு இடைநிலைக் கணக்கில் எட்டு வருஷம். எட்டு வருஷம், மக்களே! எனக்கு ரிசர்வ் வங்கி கொடுப்பது 90 நாள். எட்டு வருஷ முன்னறிவிப்பு கொடுக்கிற கடன்காரன் எனக்குக் கிடைத்தால் அவனைக் கோயில் கட்டிக் கும்பிடுவேன். அதிலும் ஆபரேஷன் ஆனவர்களுக்கு எண் 0.5-ஐத் தாண்டுவதற்கு முன்னே ரேடியேஷன் கொடுத்தால் பலன் கூடுதல் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்த வாய்ப்பைத்தான் நாம் மழையைச் சொல்லி, ரப்பர் வெட்டைச் சொல்லி விடுகிறோம்.

எனக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் இருந்தார். 2014-ல் ஆபரேஷன். அவருடைய டிஸ்சார்ஜ் சீட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கோழி கிளறிய இங்கிலீஷில் பி.எஸ்.ஏ. என்று எழுதி, பக்கத்தில் 3/12 என்று போட்டிருந்தது. டாக்டர்கள் பாஷையில் அது மூன்று மாதம் கழித்து என்று அர்த்தம். பெரியப்பா தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. மலையாளம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார், வாசிக்கத் தட்டும். இங்கிலீஷ் கிடையவே கிடையாது. பக்கத்து வீட்டுப் பையன் டிசம்பர் 3-ம் தேதி என்று வாசித்துச் சொல்லியிருக்கிறான். மனிதர் நேர்மையானவர், சரியாக டிசம்பர் 3 அன்று காலையில் கஞ்சி கூடக் குடிக்காமல் போய் நின்றார். (இந்த டெஸ்டுக்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. அதையும் யாரும் சொல்லவில்லை.) அந்த வருஷமும் அடுத்த வருஷமும் எண் சுத்தம். அத்தோடு நிறுத்திவிட்டார். கேட்டபோது சொன்ன வாசகம்தான் தலைப்பில் இருக்கிறது.

2019-ல் இடுப்பு வலி. வர்ம வைத்தியரிடம் தைலம் போட்டுத் தடவினார், ஆறு மாதம். எலும்பில் பரவியிருந்தது தெரிந்தபோது 2020. அடக்கம் 2021. தொடர்ந்து பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்ல எவனாலும் முடியாது. ஆனால் இடுப்பு வலி வந்தபோது தைலத்தோடு ஆறு மாதம் போயிருக்காது. அது நிச்சயம்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லமாட்டேன். ஏனென்றால் 3/12 எல்லா ஆஸ்பத்திரியிலும் எழுதப்படுகிறது. ஆபரேஷன் செய்தவர் கெட்டிக்காரர், சுத்தமாகச் செய்திருந்தார், அதில் குறையே இல்லை. அதன்பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் நோயாளிக்குத் தெரிந்த எழுத்தில் "மார்ச் மாதம் வாங்க, செப்டம்பரில் வாங்க" என்று எழுதுவதற்கு என்ன செலவு? எல்லையில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத் தமிழ் ஒரு வரி, மலையாளம் ஒரு வரி எழுத ஒரு ஆள் கிடைக்காதா? எங்கள் வங்கியில் கடன் பத்திரத்தைக் கையெழுத்துப் போடுகிறவனுக்குத் தெரிந்த பாஷையில் விளக்காவிட்டால் பிற்பாடு கோர்ட்டில் எங்களுக்குத்தான் கஷ்டம்.

அடுத்து அரசாங்கம். ஆயுஷ்மான் பாரத், அதோடு சேர்ந்த கேரளத்தின் காருண்யா திட்டம், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். நல்ல திட்டம், பல வீடுகளை நடுத்தெருவில் நிற்காமல் காப்பாற்றியது. ஆனால் ஆயுஷ்மான் விதியைப் படியுங்கள்: டிஸ்சார்ஜ் ஆனபிறகு 15 நாள் வரைக்குமான மருந்தும் பரிசோதனையும்தான் அந்தக் கட்டணத்தில் அடக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு பி.எஸ்.ஏ. அர்த்தமுள்ள ஒரு எண்ணாக வருவதே ஆறாவது வாரத்தை ஒட்டி! கத்திக்கு லட்சம் கொடுக்கிறவன், கத்தி வேலை செய்ததா என்று பார்க்கிற செலவை நோயாளியின் சட்டைப்பையில் விடுகிறான். வீடு கட்டக் கடன் கொடுத்துவிட்டு, வீடு கட்டினானா என்று எட்டிப் பார்க்க ஆட்டோ காசு தரமாட்டேன் என்று சொல்கிற மேனேஜர் எந்த வங்கியில் இருக்கிறார்?

இன்னொன்று சொன்னால் அடிக்க வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். 2008-ல் வலிநிவாரண சிகிச்சைக்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்த மாநிலம் கேரளம். பஞ்சாயத்து மூலமாக நர்ஸ் வீட்டுக்கே வருகிறார், புண்ணைக் கழுவுகிறார், டியூப் மாற்றுகிறார். உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. எனக்கும் பெருமைதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறது. சந்தோஷம். சாகக் கிடக்கிறவன் வீட்டுக்கு வழி தெரிந்த பஞ்சாயத்துக்கு, பிழைத்து நடமாடுகிறவன் வீட்டுக்கு வழி தெரியாதா? ஒரு வார்டில் இப்படி வைத்தியம் முடித்த ஆண்கள் எத்தனை பேர், யாருக்கு எப்போது டெஸ்ட் என்று ஒரு நோட்டு போட ஆஷா அக்காவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? (அவர்களுக்கு முதலில் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுங்கள், அது தனிப் பதிவு.)

கோட்டைப் பற்றிச் சொன்னேனே, இங்கே வருகிறது. ஒரு தடவை அக்கா வீட்டுக்குப் போகிற வழியில் களியக்காவிளை லேபில் ரத்தம், அடுத்த தடவை நெய்யாற்றின்கரையில். லேபுக்கு லேப் மெஷினும் அளவு முறையும் மாறும். ஒரே ரத்தத்துக்கு இருபது சதவீதம் வரை எண் வித்தியாசப்படலாம். 0.15, 0.18 என்று பதறுகிற இடத்தில் இது பெரிய விஷயம். நம்ம ஆட்களோ எங்கே இரண்டு ரூபாய் குறைவோ அங்கே போவார்கள், பிறகு "ஏறிப்போச்சு" என்று ஒரு வாரம் தூங்கமாட்டார்கள். ஒரே லேபில் பாருங்கள், பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

வாட்ஸ்அப் பண்டிதர்களுக்கு ஒரு வார்த்தை. "பி.எஸ்.ஏ. டெஸ்ட் ஏமாற்று வேலை, கண்டுபிடித்தவரே சொல்லிவிட்டார்" என்று ஒரு ஃபார்வேர்ட் சுற்றுகிறது. அவர் பெயர் ரிச்சர்ட் ஆப்லின். 1970-ல் புராஸ்டேட் ஆன்டிஜனைப் பற்றி எழுதியவர். 2010-ல் நியூயார்க் டைம்ஸில் அவர் வெளுத்து வாங்கியது உண்மைதான். ஆனால் எதை? நோய்க்கான அறிகுறியே இல்லாத ஆண்களையெல்லாம் கூட்டமாகப் பிடித்து டெஸ்ட் செய்வதை. அது நியாயமான சர்ச்சை, இன்னும் ஓயவில்லை. அதே கட்டுரையில், வைத்தியம் முடிந்தவர்களுக்கு நோய் திரும்புகிறதா என்று பார்க்க இந்த டெஸ்ட் உதவும் என்றும் எழுதியிருக்கிறார். ஃபார்வேர்ட் செய்கிறவர் அந்தப் பத்தியை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்.

கடைசியாக, யாரும் வாயைத் திறக்காத விஷயம். ஆபரேஷனுக்குப் பிறகு பல பேருக்குச் சில மாதம் மூத்திரம் கட்டுக்குள் நிற்காது. இருமினால் ஒழுகும், சுமை தூக்கினால் ஒழுகும். தாம்பத்தியமும் பழையபடி இருக்காது. இடுப்புக்கு அடித்தளத் தசைகளை இறுக்கி விடுகிற பயிற்சி இருக்கிறது, சொல்லிக்கொடுக்கப் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார், பெரும்பாலானவர்களுக்கு மெல்லச் சரியாகும். நம்ம ஆள் என்ன செய்கிறார்? கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்துகிறார். கைலி நனைந்துவிடும் என்று பஸ் ஏறுவதை நிறுத்துகிறார். பஸ் ஏறாதவர் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவார்? டெஸ்ட் நின்றுபோவதற்குக் காசை விட இந்த வெட்கம்தான் பெரிய காரணம் என்பது என் கட்சி. வெட்கம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமும் இல்லை. 2023 டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின் இதே நோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டு, சிக்கலாகி 2024 ஜனவரி 1-ல் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஜனாதிபதி பைடனுக்கே நோயின் பெயரைச் சொல்லவில்லை! பிப்ரவரியில் பத்திரிகையாளர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டார். அத்தனை பெரிய ராணுவத்தை வைத்திருந்தவருக்கே வாய் வரவில்லை என்றால், பாறசாலைச் சந்தையில் மரச்சீனி விற்கிறவருக்கு எப்படி வரும்? அதனால்தான் கேட்கிற பொறுப்பு மற்றவர்களுடையது என்கிறேன்.

கல்ஃப் மகன்களே, வெள்ளிக்கிழமை போனில் "அப்பா, சுகமா?" என்று கேட்காதீர்கள். "சுகம்" என்றுதான் பதில் வரும், செத்துக்கொண்டிருந்தாலும் அதுதான் வரும். கடைசி டெஸ்ட் என்ன தேதி, எந்த லேப், எண் என்ன, அடுத்தது எப்போது என்று கேளுங்கள். "உனக்கு வேற ஜோலி இல்லையாலே" என்று போனை வைத்துவிடுவார். அரைமணி நேரம் கழித்து மறுபடி போடுங்கள். வசூலில் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.