ஷேக்ஸ்பியருக்கு எதற்கு கைடு?

கல்லூரியில் எனக்கு ‘ஜூலியஸ் சீசர்’ பாடம். வருஷம் பூரா நடத்தினார்கள். முடிவில் புரூட்டஸின் குணநலன்களை இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதத் தெரிந்தது; நாடகம் தெரியவில்லை. கைடை நெட்டுரு போட்டு, பாஸ் பண்ணி, ‘ஷேக்ஸ்பியரா, ஆளை விடு சாமி!’ என்று ஓடி வந்தவன் நான். நீங்களும் அப்படித்தானே?

நமக்குப் பாடம் நடத்தியவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். இதெல்லாம் உட்கார்ந்து படிப்பதற்காக எழுதியதே இல்லை. 1599-ல் லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் குளோப் அரங்கம் எழும்பியது. ஒரு பென்னி கொடுத்தால் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டு பார்க்கலாம். நம்மூர் தரை டிக்கெட் மாதிரி, ஆனால் உட்கார முடியாது. அங்கே நின்றவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் பாதிக்குப் பாதி, அவர் இறந்து ஏழு வருஷம் கழித்து 1623-ல்தான் முதன்முதலாக அச்சேறின. அவர் காலத்து ரசிகனுக்கு அவற்றைப் படிக்க வழியே கிடையாது!

‘பாஷை புரியாதே சார்’ என்பீர்கள். நியாயம்தான். நானூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ், இங்கிலீஷ்காரனுக்கே இடறும். அதனால் முதலில் கதையைத் தமிழிலோ எளிய இங்கிலீஷிலோ தெரிந்துகொள்ளுங்கள். சஸ்பென்ஸ் போய்விடுமா? சீசரைக் கொல்லப் போகிறார்கள் என்று தெரிந்தேதான் பல பேர் அன்றைக்கும் வந்திருப்பார்கள். ஷேக்ஸ்பியரே கதையைப் புளூட்டார்க்கிடமிருந்துதான் எடுத்தார்.

அப்புறம், 1953-ல் வந்த ‘ஜூலியஸ் சீசர்’ படத்தைப் பாருங்கள். ஆண்டனியாக மார்லன் பிராண்டோ. புரியாத வார்த்தை வந்தால் நிறுத்தி அகராதியைப் புரட்டாதீர்கள், போகட்டும் விடுங்கள்.

சீசரின் சவ ஊர்வலத்தில் ஆண்டனி பேசும் இடம் வரும். கொன்றவர்களைக் குறை சொல்லக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் மேடை கிடைத்திருக்கிறது. மனுஷன் குறையே சொல்லவில்லை. கண்ணியமானவர்கள், கண்ணியமானவர்கள் என்று அவர்களைத் திரும்பத் திரும்பப் புகழ்கிறார். நாலாவது தடவை அது வசவாகிவிடுகிறது. சீசரின் உயிலைக் காட்டுகிறார், படிக்க மறுக்கிறார். கூட்டம் கெஞ்சுகிறது. மேடையிலிருந்து இறங்கி, கிழிந்த அங்கியைக் காட்டி, இது இன்னார் குத்தியது, இது இன்னார் குத்தியது என்கிறார். அப்புறம் பிணம். கடைசியில்தான் உயில்: குடிமகன் ஒவ்வொருவனுக்கும் 75 திராக்மா! ஊர் தீப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறது. மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்த தமிழனுக்கு இதை விளக்க கைடு வேண்டுமா?

எங்கள் கைடு இதை ‘ஆண்டனியின் பேச்சுத் திறன், ஐந்து மதிப்பெண்’ என்று முடித்துவிட்டது.

அடுத்த காட்சியில் அந்தக் கும்பல் தெருவில் ஒரு கவிஞனை மடக்குகிறது. பெயர் சின்னா. கொலைகாரர்களிலும் ஒரு சின்னா உண்டு. ‘ஐயா, நான் அவன் இல்லை, கவிஞன்’ என்று கதறுகிறான். சரி, மோசமான கவிதை எழுதியதற்காகவாவது கிழித்துப் போடு என்று ஒருவன் கத்துகிறான். சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுவிடும். மொத்தமே ஒன்றரைப் பக்கம்தான்.

அதை எங்களுக்கு நடத்தவே இல்லை. பரீட்சையில் வராதாம்.