வக்கீல்கள் வேஷம் கட்டிய மேடை



சென்னை சென்ட்ரலில் இறங்கி ரிப்பன் மாளிகைப் பக்கம் நடந்தால், வழியில் சிவப்புச் செங்கல் கட்டடம் ஒன்று நிற்கும். விக்டோரியா பப்ளிக் ஹால். எல்லோர் கண்ணிலும் படும், நின்று பார்ப்பவர்தான் குறைவு. பக்கத்தில் ரிப்பன் மாளிகை வெள்ளைவெளேரென்று இருப்பதால் செல்போன்கள் எல்லாம் அந்தப் பக்கமே திரும்புகின்றன. பாவம், இதற்கு வாய்த்த இடம் அப்படி!

அண்மையில் அங்கே போனபோது கோபுரத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரை திருவாங்கூர் பாணியில் சரிந்து இறங்குகிறது. அதற்குக் கீழே ஓடும் சுடுமண் வேலைப்பாட்டைப் பார்த்தால் அரபி எழுத்து போலத் தெரிகிறது. வரைந்தவர் சிஷோம் என்ற ஆங்கிலேயர், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார், 1883இல் அடிக்கல் நாட்டியவர் விஜயநகரம் மகாராஜா. கவர்னர் கன்னிமாரா திறந்துவைத்தார். விவேகானந்தர் 1897இல் பேசியதும் இங்கேதான்.

ஆனால் எனக்கு இந்த ஹால் என்றால் நினைவுக்கு வருபவர் நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார்தான். சிறு வயதில் தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்தவர் அவர். 1891இல் பல்லாரியிலிருந்து வந்த குழு ஒன்று இங்கே தெலுங்கு நாடகம் போட்டது. அதை நடத்தியவர் கிருஷ்ணமாச்சார்லு என்ற வக்கீல். படித்த மனிதர்கள் மேடையேறுவதைப் பார்த்ததும் பதினெட்டு வயதுப் பையனுக்கு ஆசை பற்றிக்கொண்டது. அதே வருஷம் ஜூலையில் நண்பர்களோடு சுகுண விலாஸ சபாவைத் தொடங்கிவிட்டார்.

கூத்தாடி என்றால் இளக்காரமாகப் பார்த்த காலம் அது. ஆனால் இந்தச் சபாவில், பகலில் கோர்ட்டில் வாதாடியவர்கள் மாலையில் அரிதாரம் பூசினார்கள். கதாநாயகி வேஷத்தில் பேர் வாங்கிய ரங்கவடிவேலுவும் வக்கீல்தான். காங்கிரஸ் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி சபாவில் நடித்திருக்கிறார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் நடித்தவரே. சம்பந்த முதலியாரோ நீதிபதியாகவே ஆனார்!

இவர்களால் தமிழ் நாடகத்துக்கு மரியாதை வந்தது என்று சொல்வது வழக்கம். உண்மைதான். ஆனால் அந்த மரியாதையில் பாதி வக்கீல் கோட்டுக்குக் கிடைத்தது என்றே நினைக்கிறேன். அதே காலத்தில் ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட்டு, நாடகத்தையே நம்பிப் பிழைத்த கம்பெனி நடிகர்களுக்கு அது அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. கம்பெனி நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் மாணவர்களைக் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார்கள்.

சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' கிடைத்தால் விடாதீர்கள். ஒத்திகை, திரைச்சீலை, வசூல், சபாவுக்குள் வந்த மனத்தாங்கல் என்று மனிதர் எதையும் மறைக்கவில்லை. அதைப் படித்துவிட்டு ஹாலுக்குப் போனால், வெறும் செங்கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டீர்கள்.

உங்கள் ஊரிலும் ஒரு நாடகக் கொட்டகையோ சபாவோ இருந்திருக்கும். இப்போது அது கல்யாண மண்டபமாகவோ குடோனாகவோ மாறியிருக்கலாம். தாத்தா, பாட்டி யாராவது அங்கே நாடகம் பார்த்திருந்தால் கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழ்களில் பக்கம் ஒதுக்குகிறோம். பழைய நாடக நோட்டீஸ் வைத்திருப்பவர்கள் அசலை அனுப்ப வேண்டாம். செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்