சிரிப்புக் கோடு: திருத்தம் எதற்குத் தேவை?

"சிரிப்புக் கோடுகளுக்கு எளிய தீர்வு" என்னும் வகையான வாசகம் இந்தியப் பெருநகரங்களின் அழகியல் மருத்துவ விளம்பரங்களில் இன்று பரவலாகக் காணப்படுகிறது. இதில் எழுவாய் இல்லை, வினைமுற்றும் இல்லை. ஆயினும் அது ஒரு முடிவை அறிவித்துவிடுகிறது. தீர்வு என்ற சொல் வந்ததுமே சிக்கல் ஒன்று இருப்பது ஏற்கப்பட்டுவிடுகிறது. அவ்வாசகத்தை மறுத்து, "எளிய தீர்வு ஏதும் இல்லை" என்று சொன்னாலும் சிக்கல் இருக்கிறது என்ற கருத்து அப்படியே எஞ்சுகிறது. மறுப்பினாலும் அசையாத இத்தகைய கருத்துகளைப் பொருண்மையியல் தனியே ஆராய்கிறது. இங்கு அந்த ஆராய்ச்சி வெறும் ஏட்டுப் பயிற்சி அன்று. ஊசியின் முனையில் ஒரு மனிதரின் முகம் இருக்கிறது.

முகத்தில் ஊசி போட்டுக்கொள்வது சரியா, தவறா என்பது இங்குக் கேள்வியே அன்று. வயதுவந்த ஒருவர் தம் உடல் குறித்து முடிவெடுக்கும் உரிமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் தேர்வு எனப்படுவது உண்மையிலேயே தேர்வாக இருக்கவேண்டுமானால், அதற்குரிய சொற்கள் தேர்பவரின் கையில் இருக்கவேண்டும். இத்துறையின் புழக்கச் சொற்கள் அவருக்கு உதவுவதைவிட, அவர் கேட்கவேண்டிய கேள்விகளை மறைப்பதே மிகுதி.

மூக்கின் ஓரத்திலிருந்து வாயின் ஓரத்தை நோக்கி இறங்கும் மடிப்பு மனித முகத்தின் இயல்பான அமைப்பு. அழும் குழந்தையின் முகத்திலும் அது தெரியும். நரம்பியல் மருத்துவர் நோயாளியைச் சிரிக்கச் சொல்லிப் பார்க்கும்போது, இம்மடிப்பு ஒரு பக்கம் மட்டும் மறைந்து தட்டையாகியிருந்தால் அதை முகத்தசை வலுவிழந்ததன் அறிகுறியாகக் கொள்கிறார். பக்கவாதத்தின் தொடக்கமோ என எச்சரிக்கை அடைகிறார். அவருக்கு மடிப்பின் இன்மை நோய்க்குறி. அழகியல் மருத்துவத்திலோ அம்மடிப்பின் இருப்பே அளவிடப்படுகிறது. அதற்கென வழங்கும் ஐந்து படிநிலை அளவுகோலின் பெயரிலேயே "தீவிரம்" என்னும் சொல் இருக்கிறது. காய்ச்சலுக்கும் தீக்காயத்துக்கும் உரிய அச்சொல் ஒரு மடிப்புக்கு வழங்கப்பட்டதும், மடிப்புடைய ஒவ்வொருவரும் ஏதோ ஒரு படியில் நோயாளி ஆகிவிடுகிறார்.

அடுத்து, பெயர் சுட்டும் காரணம். சிரிப்புக் கோடு என்ற தொடர், சிரித்ததன் விளைவே அக்கோடு என்று சொல்லாமல் சொல்கிறது. சிரிப்புக்கு அதில் பங்கு உண்டு. எனினும் மடிப்பு ஆழமாவதற்குக் கன்னத்துக் கொழுப்புத் திட்டுகள் சுருங்கி இறங்குவதும், முக எலும்பு காலப்போக்கில் தேய்வதும், வெயிலால் தோல் நெகிழ்ச்சி இழப்பதும், பரம்பரை முகவெட்டும் பெரிதும் காரணமாகின்றன. எனவேதான் தேர்ந்த மருத்துவர் சில வேளைகளில் கோட்டில் ஊசி போடாமல் கன்னத்தின் மேற்பகுதியில் போடுகிறார். கோட்டைச் சுட்டும் பெயரோடு உள்ளே நுழைபவர், கோட்டுக்குத்தான் மருந்து என்று எண்ணுவது இயல்பு. பெயர் அவரைத் தவறான இடத்தில் நிறுத்திவிடுகிறது.

மருந்தின் பெயரிலும் இதே குழப்பம். வணிகப் பெயரான போட்டாக்ஸ் இன்று பேச்சுவழக்கில் முகத்தில் போடும் எல்லா ஊசிக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அப்பெயருக்குரிய பொருள் போட்டுலினம் நச்சு. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுத்து, தசையை மூன்று, நான்கு மாதங்கள் தளர்த்தி வைப்பது அதன் வேலை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002இல் அதைப் புருவங்களுக்கு இடைப்பட்ட கோடுகளுக்காக ஏற்றது. வாயோரத்து மடிப்புக்கு அது பொதுவாகப் பொருந்துவதில்லை. மேலுதட்டைத் தூக்கும் தசைகளைத் தளர்த்தினால் கோட்டோடு சிரிப்பும் சரியும். கோட்டை நீக்க வந்தவர் சிரிப்பைக் கோணலாக்கிக்கொண்டு திரும்ப நேரிடும்.

இம்மடிப்புக்குப் பெரும்பாலும் போடப்படுவது ஃபில்லர் எனப்படும் நிரப்பி. இதுவும் ஒரு பொருளின் பெயர் அன்று. செய்யும் வேலையின் பெயர். வேலையைச் சொல்லும் அச்சொல் எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. மிகுதியாகப் பயன்படுவது ஹையலூரானிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் விழியிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் பெற்றது. அதிலிருந்து உருவாக்கப்பட்ட ரெஸ்டிலேன் 2003இல் இம்மடிப்புகளுக்கென அமெரிக்காவில் ஏற்பு பெற்றது. அதன் பயன் ஏறத்தாழ ஆறு மாதம் முதல் ஓராண்டு, சில வகைகளில் அதற்கும் மேல், நீடிக்கும். பிழை நேர்ந்தால் ஹையலூரானிடேஸ் என்னும் நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாம். கால்சியம் ஹைட்ராக்ஸிலபடைட், பாலி லாக்டிக் அமிலம் ஆகியவையும் நிரப்பி என்றே அழைக்கப்படுகின்றன. ஆனால் அந்த நொதி அவற்றைக் கரைக்காது. பாலிமீதைல் மெத்தாக்ரிலேட் என்னும் நெகிழித் துகள்களோ உடலால் உட்கொள்ளப்படாமல் நிலைத்துவிடுபவை. கரையக்கூடியதையும் என்றும் தங்கிவிடுவதையும் ஒரே சொல்லில் அடக்குவது வணிகத்துக்கு வசதி. தேர்பவருக்கு அது இடர்.

அந்த இடர் எத்தகையது என்பதையும் நேராகச் சொல்லவேண்டும். முகத் தமனி இம்மடிப்பை ஒட்டியே மேலேறி மூக்கின் பக்கமாகச் செல்கிறது. அதன் கிளைகள் கண்ணுக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளங்களோடு இணைகின்றன. நிரப்பி தவறுதலாகத் தமனிக்குள் புகுந்தால் தோலின் ஒரு பகுதி குருதியின்றி அழுகலாம். அரிதாகப் பார்வையே பறிபோகலாம். பார்வை போனால் அதை மீட்கக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறுகியது, மீண்டவர்கள் சிலரே. இது அரிதாகவே நிகழ்கிறது என்பது உண்மை. ஆனால் "மதிய உணவு இடைவேளையில் முடித்துவிடலாம்" என்ற வழக்கமான விளம்பரத் தொடர் இந்த அரிய நிகழ்வைச் சிந்தனையிலிருந்தே அகற்றிவிடுகிறது. வீக்கம், சிராய்ப்பு ஆகியவற்றோடு சேர்த்துப் "பக்க விளைவுகள்" என்ற பட்டியலின் கடைசி வரியில் குருட்டுத்தன்மையை எழுதுவதும் மறைத்தலின் இன்னொரு வடிவமே.

இந்தியச் சட்டம் இவ்விடத்தில் மொழியைப் பொருட்படுத்தியிருக்கிறது. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்று வழிகள், கணிசமான இடர்கள் ஆகியவற்றை நோயாளிக்குப் போதிய அளவில் விளக்கிப் பெறுவதே செல்லத்தக்க ஒப்புதல் என்று வகுத்தது. மறுபுறம், சரக்கு மற்றும் சேவை வரிக்கான 2017ஆம் ஆண்டு அறிவிக்கை, மருத்துவச் சேவைக்கு அளிக்கும் விலக்கிலிருந்து அழகுக்கான அறுவைச் சிகிச்சையை நீக்கி, பிறவிக் குறை, காயம் முதலியவற்றைச் சீர்செய்வதற்கு மட்டும் இடமளிக்கிறது. வரிச் சட்டத்தின் கண்ணில் அழகு வேறு, சீரமைப்பு வேறு. விளம்பரமோ அழகைத் "திருத்தம்" என்றும் "புத்துயிர்" என்றும் அழைத்து மருத்துவத்தின் மதிப்பைக் கடன் வாங்குகிறது.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழும்: இவை யாவும் ஒப்பனையை விரும்பும் பெண்களை இடித்துரைப்பதற்கான மறைமுக வழியல்லவா? அவ்வாறு ஆகிவிடும் ஆபத்து உண்மையானதே. முகத்தை வைத்து வேலையையும் திருமணத்தையும் முடிவுசெய்யும் சமூகம், அம்முகத்தைப் பேண முனைபவரைப் பகட்டுக்காரர் என்று ஏசுவது இரட்டை வேடம். பாலி லாக்டிக் அமில ஊசி அமெரிக்காவில் முதலில் 2004இல் ஏற்கப்பட்டது எச்ஐவி தொற்றுடையோரின் முகக் கொழுப்பு இழப்புக்காகவே என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. ஒட்டிப்போன கன்னமே நோயைக் காட்டிக்கொடுத்த நிலையில், அவ்வூசி அவர்களுக்குத் தன்மதிப்பை மீட்டுத் தந்தது. ஆகவே குற்றம் ஊசியில் இல்லை, விருப்பத்திலும் இல்லை. விருப்பத்துக்கும் ஊசிக்கும் இடையே நிற்கும் சொற்களில் இருக்கிறது.

தமிழில் நகை என்ற சொல் சிரிப்பையும் குறிக்கும், அணியையும் குறிக்கும். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது நகையையே முதலில் வைக்கிறது. தோலின் சுருக்கத்துக்கோ திரை என்னும் தனிச்சொல் உண்டு. நரை, திரை, மூப்பு என அது காலத்தோடு சேர்த்தே எண்ணப்படும். நகை உணர்வின் புலத்தைச் சேர்ந்தது, திரை காலத்தின் புலத்தைச் சேர்ந்தது. சிரிப்புக் கோடு என்னும் புதுத்தொடர் இவ்விரண்டையும் ஒட்டவைத்து, சிரிப்புக்கு விதிக்கப்பட்ட தண்டம்போலச் சுருக்கத்தைக் காட்டுகிறது. பழஞ்சொல்லுக்குத் திரும்புவது இதற்குத் தீர்வாகாது. சொல் எதை மறைக்கிறது என்று கேட்கும் பழக்கமே வேண்டப்படுவது.

அக்கேள்விகள் கடினமானவை அல்ல. செலுத்தப்படும் பொருள் எது, அதன் உறை தம் கண்முன் பிரிக்கப்படுமா? அது கரையுமா, கரைக்கும் நொதி அதே அறையில் இருக்கிறதா? ஊசி போடுபவர் தோல் மருத்துவரா, ஒட்டறுவை மருத்துவரா, அல்லது சில நாள் பயிற்சிச் சான்றிதழ் பெற்றவரா? பார்வை மங்கினால் அடுத்த சில நிமிடங்களில் செய்யப்படுவது என்ன? ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கான நேர்மையான விடை: ஒன்றும் ஆகாது.

மொழியியல் துறைகளும் கலைச்சொல் குழுக்களும் ஃபில்லருக்கு இணையான தமிழ்ச்சொல் எது என்று விவாதிப்பதோடு நின்றுவிடுகின்றன. ஒப்புதல் படிவம் ஒன்றை எடுத்து, கையொப்பமிடுபவர் இவ்வினாக்களைத் தம் மொழியில் கேட்கும்படி அதைத் திருத்தி எழுதித் தருவது அதனினும் பயனுள்ள ஆய்வுப்பணி. திருத்தம் தேவைப்படுவது முதலில் அந்தப் படிவத்துக்குத்தான்.