கிராமத்துக்கு ஏணி, புறநகருக்கு ஒப்பந்தம்

தமிழ்நாட்டின் பொது சுகாதாரத் துறைக்கு ஆள் பயிற்றுவிக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று பூந்தமல்லியில் இருக்கிறது. மருத்துவ அலுவலர், சுகாதார ஆய்வாளர், செவிலியர் எனப் பலரும் அங்குள்ள பொது சுகாதார நிறுவனத்தில் பயிற்சி பெற்று மாவட்டங்களுக்குப் போகிறார்கள். அதன் வாசலில் நின்றால் ஆவடியும் அம்பத்தூரும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான். ஆனால், இப்பகுதியில் கருவுற்ற பெண்ணைத் தேடி வரும் செவிலியர் யாருடைய ஊழியர் என்பது அந்தப் பெண் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. அதைச் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு இன்னும் கிராம சுகாதார செவிலியர்தான். தாய்சேய் நலத்தில் தமிழ்நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த ஏற்பாடு, ஊர் நகரமாகும் இந்த எல்லையில்தான் அறுந்துபோகிறது.

அந்த ஏற்பாடு என்ன? 2001-03 காலத்தில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 134 ஆக இருந்த தமிழ்நாட்டின் மகப்பேறு மரண விகிதம், 2018-20-இல் 54 ஆனது. அப்போது நாட்டின் விகிதம் 97. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவி, இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று செவிலியர், 1994-இல் தொடங்கிய மகப்பேறு மரணத் தணிக்கை எனக் காரணங்கள் பல சொல்லலாம். இவை எல்லாம் ஊன்றி நின்றது ஒரு பெண்ணின் மேல். சுமார் 5,000 பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர். அவர் பொறுப்பில் வரையறுத்த ஊர்கள். எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்று அவருக்குத் தெரியும். அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது அவருக்கு முன்னால் இருந்த ஏணி. பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர், மாவட்ட தாய்சேய் நல அலுவலர் என்று அது மேலே போகிறது. மாவட்ட அலுவலகத்தில் அமர்ந்து கேள்வி கேட்பவர் ஒரு காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கியவராக இருப்பதால், கீழிருந்து வரும் பதிவேட்டில் எந்த எண் உண்மை, எது ஒப்புக்கு எழுதியது என்று அவரால் கண்டுகொள்ள முடிகிறது. தலைமைப் பண்பை வளர்க்க இன்று கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. இந்த ஏணி செய்ததை அவை செய்யுமா என்பது ஐயமே.

நகரத்துக்கு விதி வேறு. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் 50,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணைச் செவிலியர் என்று அளவு வகுத்தது. 2011 கணக்கெடுப்பில் ஆவடியின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.46 லட்சம். கிராமத்து அளவின்படி அங்கே 69 செவிலியர் வேண்டும். நகரத்து அளவின்படி 35 போதும். அதுவும் 2011-இல் இருந்த ஆவடிக்கு. அதன்பின் எழுந்த அடுக்குமாடிகள் எந்தக் கணக்கிலும் இல்லை. இந்த இயக்கத்தின் நிதியில் அமர்த்தப்படுவோரில் பெரும்பாலோர் ஒப்பந்தத்திலோ தொகுப்பூதியத்திலோ இருக்கிறார்கள். ஊரை அறிந்து முடிக்கும் நேரத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விடுகிற ஒருவரிடம் பதவி உயர்வைப் பற்றிப் பேசுவதில் பொருள் ஏது?

நகரத்தில் வீடுகள் நெருக்கம், நடை குறைவு, அதனால் ஒருவரே இருமடங்கு பேரைப் பார்க்கலாம் என்பது இந்த அளவுக்குச் சொல்லப்படும் நியாயம். நடை குறைவுதான், தேடல் அதிகம். வாடகை ஏறினால் குடும்பம் அடுத்த நகருக்கு மாறுகிறது. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவளுடைய கடைசி மூன்று மாதங்களும் குழந்தையின் முதல் தடுப்பூசிகளும் திருவண்ணாமலையிலோ விழுப்புரத்திலோ நடக்கின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய அறைகளில் வாழும் பீகார், ஒடிசாத் தொழிலாளியின் மனைவிக்கோ போக அருகில் தாய்வீடு இல்லை, செவிலியரிடம் பேசப் பொது மொழியும் இல்லை. கர்ப்பத்தைப் பதிவுசெய்யும்போது தரும் பிக்மி எண் இருக்கிறதே, கணினியில் தொடரலாமே என்பார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் தேவை என்பதால் பதிவு நடந்துவிடுகிறது. ஆனால், மாதம் தவறாமல் ரத்த அழுத்தம் பார்த்தார்களா என்பது பதிவு எண்ணால் தெரிவதில்லை. பதிவு ஏற்றும் வேலையே களத்துக்குப் போகும் நேரத்தைத் தின்கிறது என்பது செவிலியர் சங்கங்களின் நெடுநாள் புகார்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கீழ்ப்பாக்கம், எழும்பூர் அரசு மருத்துவமனைகள் பக்கம், தெருவுக்குத் தெரு தனியார் மருத்துவமனை. இங்கே வீடு தேடி வரும் செவிலியர் எதற்கு? ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால், அதே கணக்கெடுப்பு கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது, 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவை சிகிச்சையில் முடிந்தன என்கிறது. இந்த விகிதம் நாடு முழுவதற்கும் 21.5. கட்டிலும் கத்தியும் கிடைத்துவிட்ட மாநிலத்தில் மிஞ்சியிருக்கும் ஆபத்து முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டியது: உயர் ரத்த அழுத்தம், தெரியாமல் கிடக்கும் இதயநோய், தள்ளிப்போட்ட மேல்சிகிச்சை. இவற்றை ஐந்தாம் மாதத்தில் பார்ப்பவர் பெரிய மருத்துவமனையின் நிபுணர் அல்லர்.

ஒப்பந்தம் என்றால் தேவைக்கேற்ப ஆளைக் கூட்டலாம், குறைக்கலாம் என்று நிதித் துறை சொல்லும். பெருந்தொற்றுக் காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். பிரசவம் ஆண்டு முழுவதும் நடப்பது. மருத்துவர் இருக்கச் செவிலியர் எப்படித் தலைமை ஏற்பார் என்ற கேள்விக்கு இலங்கையில் விடை தேடலாம். 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகிலிருந்து வளர்ந்த அமைப்பு அங்கே. சுமார் 3,000 பேருக்கு ஒருவர் என்பது குடும்பநல உத்தியோகத்தருக்கு வகுத்த அளவு. சுகாதார வைத்திய அதிகாரி மேலே இருந்தாலும், தன் பிரிவின் தாய்மார்களுக்கு முதற்பொறுப்பு அந்தப் பெண்ணுடையதே. ஊரை நகரமாக அறிவித்ததும் அவருடைய வேலையைத் தற்காலிகமாக்கும் வழக்கம் அங்கே இல்லை. நம்மிடமும் 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட மருத்துவச்சிச் சேவை வழிகாட்டுதல் இருக்கிறது. பதினெட்டு மாதப் பயிற்சி பெற்ற செவிலியர் இயல்பான பிரசவத்தைத் தாமே நடத்தலாம் என்கிறது. பயிற்சி முடித்து வருபவரை எந்தப் பதவியில் அமர்த்துவது என்று முடிவுசெய்யாமல் சான்றிதழ் மட்டும் கொடுத்தால் அது அலமாரிக்குத்தான் போகும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் புதிய எண் கிடைக்கும். 10,000 பேருக்கு ஒருவர் என்ற பழைய அளவிலேயே நின்றாலும் புதிய பணியிடங்களைக் கேட்டாக வேண்டியிருக்கும். அவற்றை நிரந்தரப் பணியிடங்களாகவும், கிராம சுகாதார செவிலியரின் அதே பதவி உயர்வுப் பட்டியலில் சேர்த்தும் கேட்பதா, மீண்டும் ஓராண்டு ஒப்பந்தமாகக் கேட்பதா என்பதை அந்தக் கோப்பு எழுதப்படும் முன்பே தீர்மானித்தாக வேண்டும்.