புகார் கூறுவோரைக் காப்போம்

முத்துக்குளித்துறைக் கடலில் புன்னைக்காயலருகே கலக்கும் தாமிரபரணி, வரும் வழியெல்லாம் நெல்லையும் வாழையையும், பாய் நெய்வார்க்குக் கோரையையும் வளர்க்கின்றது. அதன் மணலே நீரைச் சேமிக்கும் களஞ்சியம். மணலைக் களவாடினால் ஊற்று வற்றும்; கிணற்று நீர் தாழும்; கடலருகே உவர்நீர் உட்புகும். ஆகவே மணற்கொள்ளை நமது தொழிலையே அழிக்கும் குற்றமாகும்.

1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் இதற்கு 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கின்றது. ஆயினும் நடந்தது என்ன? மணற்கடத்தலைப் பற்றிக் காவல்துறையில் புகார் கொடுத்த முறப்பநாட்டுக் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், 2023 ஏப்ரல் 25-இல் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் குற்றவாளிகள் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தண்டனை எத்துணை விரைந்து வரினும், போன உயிர் மீளாது.

அரசு அலுவலருக்கே இக்கதியெனில், ஏழை உழவரும் நெசவாளரும் தனியே புகார் கூறத் துணிவரோ? புகாரளித்தவர்க்குப் பாதுகாப்பு, புகார் பதிவான அன்றே தொடங்க வேண்டும். இது அரசின் கடமை.

நமக்கும் கடமை உண்டு. புகார் தனி ஒருவர் பெயரில் செல்லலாகாது. சங்கத்தின் தீர்மானமாக, அங்கத்தினர் அனைவரும் கையொப்பமிட்டு, காவல் நிலையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒருங்கே செல்லட்டும். பதிவு செய்த நகலையும் சங்கமே கேட்டுப் பெறட்டும்.

சங்கத்துக்கு இவ்வம்பு எதற்கு என்பார் சிலர். ஆற்றில் நீரின்றேல், சங்கம் வழங்கிய பயிர்க்கடன் எவ்வாறு திரும்பும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக!