பாலையில் பழுக்கும் சப்போட்டா

மும்பை தாதர் மார்க்கெட்டில் அது சிக்கூ. சென்னை கோயம்பேட்டில் சப்போட்டா. பெயர் எதுவானால் என்ன, நல்ல தோட்டத்திலிருந்து வந்த பழம் என்றால் அது அநேகமாகத் தன் சொந்த வேரில் காய்த்ததாக இருக்காது. மேலே மரம் சப்போட்டா. மண்ணுக்குள் இருக்கும் வேர் வேறொரு மரத்துடையது. குஜராத்திகளுக்கு அது ராயண். தில்லி வீதிகளில் மே மாத வெயிலில் கூறு கட்டி விற்கும் சின்ன மஞ்சள் பழமான கிர்னியும் அதுதான். தமிழில் அதற்குப் பெயர் பாலை. உலக்கைப்பாலை, கணுப்பாலை என்றும் சொல்வார்கள்.

சப்போட்டா இந்த மண்ணின் பிள்ளை அல்ல. மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளிலிருந்து வந்தது. அங்கே அதன் பட்டையைக் கீறி வடியும் பிசினைக் காய்ச்சிச் சூயிங்கம் செய்தார்கள். பாலையோ இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய காட்டு மரம். கடல் கடந்து வந்த மரமும் உள்ளூர்க் காட்டு மரமும் ஒன்றாக வாழ்வது எப்படி?

விதை போட்டு வளர்க்கும் சப்போட்டா காய்க்க வெகு காலம் பிடிக்கும். காய்த்தாலும் தாய்மரத்தின் குணம் அப்படியே வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால் ஒட்டுக் கட்டுகிறார்கள். ஒட்டுக் கன்று மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்ப்புக்கு வந்துவிடும். சப்போட்டாவின் விதைக் கன்றிலேயே சப்போட்டாவை ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் அதில் வளர்ச்சி மந்தம். குடும்பத்து உறவான இலுப்பை இனங்களிலும் ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டியது, ஆனால் வீரியத்திலும் விளைச்சலிலும் பாலையை நெருங்க முடியவில்லை. சொந்தக் காலைவிட உறவுக்காரரின் கால் பலமாக அமைந்துவிட்ட விசித்திரம் இது.

தமிழருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பாலை என்ற பெயரில் நம்மிடம் பல மரங்கள் உண்டு. வெப்பாலை ஒன்று, ஏழிலைப்பாலை இன்னொன்று. கீறினால் எல்லாவற்றிலும் பால் வடியும். சங்கப் பாட்டின் பாலை இவற்றில் எது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமுகமாக இல்லை. ஆனால் ஒட்டுக் கத்திக்கு இந்தப் பெயர் உறவெல்லாம் பொருட்டே அல்ல. வெப்பாலையும் ஏழிலைப்பாலையும் அரளியின் குடும்பம். உலக்கைப்பாலை, இலுப்பை, மகிழம், சப்போட்டா நான்கும் ஒரு குடும்பம். பெயர் ஒத்தும் உறவில்லை; உறவிருந்தும் பெயர் ஒத்ததில்லை.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. மரம் பருப்பது அதனால்தான். இரண்டு செடிகளின் படலங்களும் தொட்டுக்கொள்ளும்படி கட்டினால், வெட்டுவாயில் புதுத் திசு கிளம்பும். அதற்குள் நீர் ஏறும் குழாயும் உணவு இறங்கும் குழாயும் உருவாகி இரண்டையும் இணைக்கும். ஒரே இனமென்றால் இது அநேகமாக நடந்துவிடும். ஒரே பேரினமென்றால் பல சமயம் நடக்கும். பேரினம் மாறினால் சந்தேகம். குடும்பமே வேறென்றால் கதை முடிந்தது. இதிலும் மோசம், சேர்ந்தது போல் காட்டிவிட்டுப் பிறகு கைவிடும் ஜோடிகள். சில ஆண்டுகள் செழித்து நின்ற மரம், ஒரு காற்றில் ஒட்டு வாயிலேயே முறிந்து விழும்.

சப்போட்டாவும் பாலையும் ஒரே பேரினம் என்று ஏடுகள் ஒப்புக்கொண்டது தாமதமாகத்தான். பழைய வேளாண் நூல்களில் ஒன்று அக்ராஸ், மற்றது மிமுசாப்ஸ். மணில்காரா என்ற பேரினத்துக்குப் பாலை 1915லேயே போய்விட்டது. சப்போட்டாவை டச்சுத் தாவரவியலாளர் வான் ரோயன் அங்கே கொண்டு சேர்த்தது 1953ல். அதற்குள் இந்தியத் தோட்டக்காரர்கள் இரண்டையும் ஒட்டிப் பழமே தின்றுவிட்டார்கள்.

வேலை லேசானதல்ல. பாலைக் கன்று ஆமை வேகம். பென்சில் பருமன் வருவதற்கே ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும். நெருக்கு ஒட்டு என்றால் அந்தக் கன்றைத் தொட்டியோடு தாய்மரத்துக்குச் சுமக்க வேண்டும். பரண் கட்டிக் கிளை உயரத்துக்கு ஏற்ற வேண்டும். இரண்டிலும் பட்டையைச் சீவி, வாயோடு வாய் வைத்துக் கட்டி, இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகே கன்றின் தலையையும் கிளையின் அடியையும் வெட்டிப் பிரிக்கலாம்.

இந்தக் காத்திருப்புதான் ஆபத்து. அவசரக்கார நாற்றங்கால் வேறு வேரில் ஒட்டிக் கொடுத்தால், வாங்கும் விவசாயிக்கு அது தெரிய ஆண்டுகள் ஆகும். முப்பதடி இடைவெளியில் நட்டு, தண்ணீர் ஊற்றி, காய்ப்புக்குக் காத்திருந்து கடைசியில் ஏமாந்தால், போன காலத்துக்கு நஷ்ட ஈடு ஏது? ஒட்டுக்குக் கீழே துளிர் இருந்தால் ஓர் அடையாளம் கிடைக்கும். சப்போட்டா இலை நுனி கூர்மையாக முடியும். பாலை இலையின் நுனி மழுங்கி, நடுவில் சிறு வெட்டு விழுந்தது போலிருக்கும். பார்த்த பிறகு அந்தத் துளிரைக் கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் சப்போட்டாவை அமுக்கிப் பாலை மேலே வந்துவிடும்.

மகாராஷ்டிரத்தின் டஹாணு கோல்வட் சிக்கூவுக்கு 2016ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்துக்குப் பட்டயம் வந்தது. அடியில் தாங்கும் வேரைப் பற்றி யாரும் பேசவில்லை. குஜராத்தின் பாலிதானாவில், சத்ருஞ்சய மலை மீது ஜைனர்கள் ஒரு ராயண் மரத்தை வணங்குகிறார்கள். இலங்கையின் வில்பத்துக் காட்டில் பாலை பழுத்தால் கரடிகள் மரமேறுகின்றன. கோயிலிலும் காட்டிலும் அதற்கு மரியாதை இருக்கிறது. தோட்டத்தில் மட்டும் அது கண்ணுக்குத் தெரியாத கூலிக்காரன். பழத்துக்காக அதை நடுபவர்கள் அபூர்வம். காட்டிலும் வேலியோரத்திலும் தானே முளைத்த மரங்களின் விதையை நம்பித்தான் நாற்றங்கால்கள் ஓடுகின்றன. கட்டை உறுதியானது என்பதால் கோடாலிக்கும் அது பிடித்தமான மரம்.

வேலியோரப் பாலை ஒன்றை வெட்டும்போது ஒரு மரம் மட்டும் போவதில்லை. நாளைய சப்போட்டாத் தோட்டங்களின் வேரும் போகிறது. ஏக்கர் கணக்கில் சப்போட்டா வைத்திருப்பவர்கள் வரப்பில் நாலு பாலைக் கன்று நட்டால் குறைந்துவிட மாட்டார்கள். பலன் அவர்கள் காலத்தில் கிடைக்காமல் போகலாம். ஆனால் இன்று அவர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் வேர், யாரோ வெட்டாமல் விட்டுவைத்த மரத்தின் விதையிலிருந்து வந்ததுதானே?