சொல் போயிற்று, அறிவும் போயிற்றா?



காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் பாலுசெட்டிசத்திரத்தை அடுத்துத் திருப்புட்குழி என்னும் ஊர் இருக்கிறது. வைணவ சகோதரர் போற்றும் 108 திருப்பதிகளுள் அதுவும் ஒன்று. சிறகு வெட்டுண்டு வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது அதன் தலவரலாறு. புள் என்றால் பறவை. ஊரின் பெயரிலேயே அப்பறவை வாழ்கிறது. அக்கதையில் நாம் எண்ணிப் பார்க்கத்தக்க ஒன்று உண்டு. வீழ்ந்து கிடந்ததோ முதிய பறவை, எழவும் இயலாதது. ஆயினும் இராமன் அறிய வேண்டிய செய்தி அதனிடமே இருந்தது. அருகில் அமர்ந்து கேட்டதால் அவனுக்கு அது கிடைத்தது.

நம் இல்லங்களிலும் இவ்வாறு வீழ்ந்து கிடக்கும் பெரியவர்கள் இருக்கின்றனர். பக்கவாதம் கண்டவருக்குக் கைகால் மருத்துவம் பார்க்கிறோம், எண்ணெய் தடவுகிறோம், நடக்கப் பழக்குகிறோம். அவருடைய அறிவுக்கு என்ன நேர்ந்தது என்று எத்தனை பேர் கேட்கிறோம்? ‘புத்தி பேதலித்துவிட்டது’ என்று ஒருவர் சொல்ல, ‘வேண்டுமென்றே பிடிவாதம் செய்கிறார்’ என்று மற்றொருவர் சொல்ல, பெரியவர் திண்ணைக்கு ஒதுக்கப்படுகிறார். இவ்விரண்டு தீர்ப்புகளும் பெரும்பாலும் தவறானவை.

பக்கவாதம் மூளையின் நோய். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ அது உண்டாகிறது. மூளையின் எந்தப் பகுதி இரத்தமின்றி வாடியதோ, அப்பகுதியின் பணி குன்றும். பெரும்பாலோருக்கு மொழியின் இருப்பிடம் மூளையின் இடப்பக்கம். 1861ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா, ஓர் அசையன்றி வேறொன்றும் பேச இயலாதிருந்த நோயாளி ஒருவரின் மூளையை, அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்பக்க முன்பகுதியில் சேதத்தைக் கண்டார். அந்நோயாளி பிறர் சொன்னதைப் பெரிதும் புரிந்துகொண்டவர். ஆகவே, பேச்சு போனது வேறு. அறிவு போனது வேறு. சக்கரியாஸ் வாய் பேச இயலாதிருந்த நாளில் எழுதுபலகை கேட்டு வாங்கித் தம் மகனின் பெயரை எழுதியதை நற்செய்தியில் வாசிக்கிறோம். வாய் அடைபட்டிருந்தது; உள்ளம் தெளிவாயிருந்தது. பேச்சிழந்தோர் பலருக்கு எழுத்தும் கடினமாகிவிடுவதுண்டு. அவர்களுக்குப் படமும் சைகையும் ‘ஆம், இல்லை’ என்ற தலையசைப்பும் துணையாகும்.

வேறொன்றையும் குறிப்பிட வேண்டும். தம் பெயரையே சொல்லத் தடுமாறும் முதியவர் ஒருவர், மாலையில் குடும்பச் செபமாலை தொடங்கியதும் மங்கள வார்த்தை செபத்தைத் தடையின்றிச் சொல்வதுண்டு; பழைய பாடலைப் பண்ணோடு பாடுவதுமுண்டு. இதைக் கண்டு, ‘பேசத் தெரிந்துகொண்டே நடிக்கிறார்’ என்று எண்ணலாகாது. நெடுங்காலப் பழக்கத்தால் படிந்த சொற்களும் இசையோடு கூடிய சொற்களும், புதிதாய் வாக்கியம் அமைக்கும் பேச்சைவிட எளிதாக வெளிவருகின்றன. இதையே அடிப்படையாகக் கொண்டு, சொற்களை இராகத்துடன் இழுத்துச் சொல்லிப் பேச்சைப் பழக்கும் முறையொன்றை 1973இல் அமெரிக்க மருத்துவ அறிஞர் வகுத்தனர். ஆதலால் பேச்சிழந்தவரைக் குடும்பச் செபத்திலிருந்து விலக்காதீர்கள். அவரை நடுவில் அமர்த்துங்கள்.

வலப்பக்க மூளை பழுதுற்றவரின் துன்பம் வேறு வகையானது. இடப்பக்கத்தில் ஓர் உலகம் இருப்பதையே அவருடைய கவனம் விட்டுவிடும். இலையின் வலப்பாதிச் சோற்றை உண்டுவிட்டு, இடப்பாதி அப்படியே இருக்க, ‘இன்னும் சோறு போடவில்லையே’ என்பார். மருமகளுக்குக் கோபம் வரும். கண் தெரியாமையோ குறும்போ இதற்குக் காரணமன்று. இலையைச் சற்றே திருப்பி வைத்தால் போதும், சச்சரவு நின்றுவிடும்.

மூன்றாவது வகை மிகவும் மறைவானது. காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து பிணைப்பதைக் கோர்வை என்பர். நெசவாளரும் துணையாளும் முறை தவறாது நாடாவை எறிந்தால்தான் கோர்வை அமையும். கைக்கு வலிமை திரும்பிய பிறகும் ஒரு முதிய நெசவாளர் தறியில் அமர்ந்து, எதற்குப்பின் எது என்று திகைத்து நிற்கலாம். அவருக்குப் பேரன் பெயர் மறக்கவில்லை. நேற்றைய திருமணம் நினைவிருக்கிறது. எண்ணங்களின் கோர்வைதான் அறுந்தது. பக்கவாதத்தை ஒட்டிய அறிவுக்குறை பலருக்கு மறதியாகத் தோன்றுவதற்கு முன் மந்தமாகவும், கவனச் சிதறலாகவும், திட்டமிட இயலாமையாகவும் தோன்றுகிறது. ஆகையால் ஒரே மூச்சில் மூன்று வேலை சொல்லாதீர்கள். ஒன்றைச் சொல்லி, அது முடிந்தபின் மற்றொன்றைச் சொல்லுங்கள்.

சோர்வையும் அறிவுக்குறை என்று எண்ணிவிடக்கூடாது. பக்கவாதம் கண்டோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவரை மனச்சோர்வு பற்றுகிறது, அதற்கு மருந்துண்டு. காரணமின்றி அழுவதும் சிரிப்பதும்கூட மூளைப் பழுதின் விளைவாகலாம். நேற்றுவரை தெளிவாயிருந்தவர் இன்று திடீரெனக் குழம்பினால், சிறுநீர்த் தொற்றோ, உப்புச்சத்துக் குறைவோ, மீண்டும் ஒரு தாக்குதலோ இருக்கலாம்; உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி, தடுப்பைப் பற்றி. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியிட்ட முடிவு இது: முதல் பக்கவாதத்திற்குப்பின் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குப் புதிதாக அறிவிழப்பு நோய் தோன்றுகிறது, மீண்டும் தாக்குண்டோரிலோ மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் அந்நோய் காணப்படுகிறது. ஆகவே, இரண்டாம் தாக்குதலைத் தடுப்பதே அறிவைக் காக்கும் முதல் வழி. ‘பிரஷர் சரியாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்துவோர் நம்மிடையே அநேகர். மாத்திரை உண்பதாலன்றோ அது சரியாயிருக்கிறது? ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றைக் குறையுங்கள். வெற்றிலையோடு புகையிலையை விலக்குங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. இயன்முறைப் பயிற்சியும் அதில் உண்டு. கிண்டியில் 2024இல் முதியோருக்கெனத் தேசிய மருத்துவமனையும் திறக்கப்பட்டது.

வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ புறா இரத்தம் தேடி அலைய வேண்டாம். 108ஐ அழைத்து, மூளைப்படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி தகுதியுடையோருக்கு நாலரை மணி நேரத்திற்குள் போடப்பட வேண்டும். கழியும் ஒவ்வொரு நிமிடமும் மூளையின் இழப்பே.

ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். பெரியவரின் அறிவு மங்கிய வேளை பார்த்து, பத்திரத்தில் அவருடைய பெருவிரல் ரேகையைப் பதித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. தெளிவாய்ச் சிந்திக்க இயலாதவரிடம் பெறும் இசைவு இசைவாகாது, அது திருட்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்கும் நிபந்தனையுடன் சொத்தைப் பெற்றுக்கொண்டு பின்னர் கைவிடுவோரிடமிருந்து அதை மீட்க வழி செய்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், அறிவிழப்பு நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவர்களைப் பேணுவோர் பெரும்பாலும் மனைவியரும் மகள்களும் மருமகள்களுமே. அவர்களுக்கு ஓய்வு ஏது? மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் நோயாளியைக் காணச் செல்வது நன்று. அதைவிட நன்று, வாரத்தில் ஒரு பிற்பகல் அங்கே அமர்ந்து, பேணுகிறவர் வெளியே சென்றுவர வழி விடுவது.

இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவரின் அருகில் அமருங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒரு சிறிய கேள்வி கேட்டு, விடைக்காகப் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். அவருக்காக நீங்களே விடையளித்துவிடாதீர்கள். தாயக்கட்டையையோ பல்லாங்குழியையோ எடுத்து அவரோடு ஓர் ஆட்டம் ஆடுங்கள். சந்தைக் கணக்கை அவரைக் கொண்டே கூட்டச் சொல்லுங்கள். தவறினால் நகைக்காதீர்கள். முதல் மூன்று மாதங்களில் தேறுதல் விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் நடக்கும். பின்னரும் அது நின்றுவிடுவதில்லை. நம்மைப் பேசப் பழக்கிய நாட்களில், ஒரு சொல்லுக்காக அவர்கள் எத்தனை மாதம் காத்திருந்தார்கள்!